ஒரே விபத்துல நிறைய பேருக்கு அடிபட்டா நஷ்டஈடு வாங்குறது எப்படி: குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு முழு வழிகாட்டி

கல்யாணத்துக்குப் போன வேன் கவுந்துருது, ஐஸ் பிளான்ட்ல அமோனியா லீக் ஆகி தெருவே ஆஸ்பத்திரியில கிடக்கு, விருந்துல சாப்பிட்ட பாதி ஊருக்கு வாந்தி பேதி, நடுக்கடல்ல கப்பல் இடிச்சு வள்ளத்துல இருந்த அத்தன பேருக்கும் காயம். இப்படி கூட்டமா அடிபட்டவங்களுக்கு பேப்பர் சேத்துக் குடுத்து கோர்ட்டு வரைக்கும் கூட நிக்குற வேலைய கொஞ்ச காலமா செஞ்சிட்டு வாறேன். நான் வக்கீல் இல்ல, வக்கீலுக்குப் பதிலும் இல்ல. வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னால என்ன செய்யணும், போன பிறகு எதுல கண்ணு வச்சிருக்கணும்னு மட்டும் சொல்லுதேன். சட்டம் தெரியாம தோத்தவங்கள விட வரிச மாத்தி செஞ்சு தோத்தவங்கதான் அதிகம், அதனால கீழ உள்ள நம்பர் வரிசயிலயே போங்க.

1. சம்பவம் ஒண்ணு, கேஸ் ஆளுக்கு ஒண்ணு

எல்லாரும் முதல்ல கேக்குறது "நாங்க எல்லாரும் சேந்து ஒரே கேஸா போட்டுருலாமா"ன்னுதான். அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பேர் சேந்து கம்பெனி மேல கேஸ் போட்டாங்கன்னு நியூஸ்ல பாத்துட்டு கேக்காங்க, ஆனா அங்கயே உடம்புல காயம் பட்ட கேஸ்ல பெரும்பாலும் ஆளுக்கு ஒரு கேஸ்தான், விசாரணைக்கு முந்தின வேலைய மட்டும் ஒரே ஜட்ஜ் முன்னால சேத்து நடத்துதாங்க.

நம்ம ஊர்ல கூட்டு வழக்குக்கு வழி இல்லாம இல்ல. சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 1 ரூல் 8 இருக்கு, 2019 நுகர்வோர் சட்டத்துல 35(1)(சி) இருக்கு. ரெண்டுலயும் ஒரு நிபந்தனை: எல்லாருக்கும் ஒரே நலன் இருக்கணும். 2021-ல பிரிகேட் என்டர்பிரைசஸ்ங்கற வீடு கட்டி விக்குற கம்பெனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இத அழுத்திச் சொல்லிட்டு. வீட்டுக் கம்பெனி ஏமாத்தினதுக்கு இது சரியா வரலாம், காயத்துக்கு லேசுல வராது. ஏன்னா வேன் டிரைவர் தப்பு எல்லாருக்கும் பொது, ஆனா ஒருத்தருக்கு கால் போச்சு, இன்னொருத்தருக்கு நாலு தையல்.

அதனால முதல் நாள்லயே ரெண்டு ஃபைலா யோசிங்க. ஒண்ணு பொது ஃபைல்: யார் தப்பு, எப்படி நடந்துச்சுங்கறதுக்கான பேப்பர் எல்லாம் அதுல. இன்னொண்ணு ஆள் ஃபைல், ஒவ்வொருத்தருக்கும் தனியா: அவங்க காயம், அவங்க வருமானம், அவங்க செலவு. பொது ஃபைல ஊர்க் கமிட்டியோ இளைஞர் மன்றமோ ஒருத்தர பொறுப்பாக்கிப் பாக்கலாம். ஆள் ஃபைல அந்தந்த வீட்லதான் வச்சிருக்கணும். எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரே பையில போட்டு தலைவர் வீட்டு பீரோவுல வச்சிட்டு, ஆறு மாசம் கழிச்சு யாருது எதுன்னு தேடுற கூத்த நிறைய பாத்தாச்சு.

2. பேர் லிஸ்ட் எடுங்க, அன்னைக்கே

வேற எதுக்கும் முந்தி இதுதான். சம்பவத்துல யார் யார் இருந்தாங்க, வயசு, ஊர், எங்க உக்காந்திருந்தாங்க இல்ல நின்னாங்க, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, எல்லாம் ஒரு நோட்டுல. காயமே இல்லன்னு சொல்றவங்க பேரும் வேணும். தலையில அடி, காதுல இரைச்சல், புகை உள்ள போன மூச்சுத் திணறல் இதெல்லாம் ரெண்டு நாள் கழிச்சுதான் தலைய காட்டும்.

இதுல ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, லிஸ்ட்ல இல்லாதவன் கடைசியில ஆளே இல்லன்னு ஆயிருவான். 2012 பிப்ரவரி 15-ல என்ரிகா லெக்ஸி கப்பல்ல இருந்த இத்தாலிக் கடற்படைக்காரங்க சுட்டு ரெண்டு மீனவர் செத்தது ஞாபகம் இருக்கும், ஒருத்தர் நம்ம மாவட்டத்துக்காரர். 2021-ல இத்தாலி குடுத்த 10 கோடியில ரெண்டு குடும்பத்துக்கும் 4 கோடி வீதம், படகு உரிமையாளருக்கு 2 கோடின்னு பிரிச்சாங்க. அதே படகுல உயிர் தப்பின மத்த தொழிலாளிங்க? அவங்க தனியா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் படகுக்காரர் பங்குல இருந்து கேக்க வேண்டியதாச்சு. பணம் பிரிக்கிற நேரத்துல பேர சேக்குறது ரொம்பப் பாடு.

லிஸ்ட்ட எழுதி முடிச்சதும் போட்டோ எடுத்து, ஊர்ல நாலு பேருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க. அந்தத் தேதி பின்னால சாட்சியா நிக்கும்.

3. முதல் வாரத்துல சேக்க வேண்டிய பேப்பர்

முதல்ல எஃப்ஐஆர். வாசிக்காம வாங்கி மடிச்சு வைக்காதீங்க. காயம் பட்டவங்க பேர் எல்லாம் வந்திருக்கான்னு பாருங்க, அனேகமா "மற்றும் பலர்"னு ஒரு வரியில முடிச்சிருப்பாங்க. விட்டுப் போனவங்க இன்ஸ்பெக்டர்கிட்ட எழுத்துல குடுத்து 161 ஸ்டேட்மென்ட் மாதிரி வாக்குமூலம் பதிய வைக்கணும் (2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல பிரிவு நம்பர் மாறிட்டு, ஆனா ஸ்டேஷன்ல இன்னும் பழைய நம்பர்லதான் பேசுதாங்க). பிறகு குற்றப்பத்திரிகையில சாட்சியாவாவது வரணும்.

ரெண்டாவது ஏஆர் காபி, அதாவது ஆஸ்பத்திரி போன உடனே டாக்டர் எழுதுற ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர். அதுல "எப்படி அடிபட்டது"ங்கற இடத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. கூட போன சொந்தக்காரர் பதட்டத்துல "கீழ விழுந்துட்டார்"னு சொல்லியிருப்பார், டாக்டரும் அப்படியே எழுதியிருப்பார். இன்சூரன்ஸ் வக்கீல் மூணு வருஷம் கழிச்சு அந்த ஒரு வரிய வச்சே உங்கள வேன்லயே இல்லன்னு சொல்லிருவார்.

நம்ம மாவட்டத்துக்கே உள்ள தலைவலி ஒண்ணு இருக்கு. ஆசாரிபள்ளத்துல முதலுதவி, அங்கயிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், பிறகு மார்த்தாண்டத்துல ஒரு பிரைவேட், கடைசியில திரும்ப வீடு. மூணு ஆஸ்பத்திரி, மூணு ஃபைல் நம்பர், பேர் எழுத்தே மூணு விதமா இருக்கும். ஒவ்வொரு இடத்துலயும் டிஸ்சார்ஜ் சம்மரி, பில் ஒரிஜினல், எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிம் எல்லாம் வாங்கிருங்க, பேர் ஆதார்ல உள்ளது மாதிரி இல்லன்னா அப்பவே திருத்தச் சொல்லுங்க. பாறசாலைக்கு அந்தப்பக்கம் நடந்த சம்பவம்னா எஃப்ஐஆர் மலையாளத்துல இருக்கும், அத தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ மொழிபெயர்த்து வக்கீல்கிட்ட குடுக்கணும், விளவங்கோடு பக்கத்துல மலையாளம் வாசிக்கத் தெரிஞ்ச பெரியவங்க இருக்காங்களேன்னு சும்மா விட்டுறாதீங்க, கோர்ட்டுக்கு எழுத்துல வேணும்.

இறந்தவங்க வீட்டுக்கு: போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்று, தாலுகா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ். வாரிசு சான்றிதழ் லேட் ஆகும், அதனால முதல் மாசத்துலயே போட்டு வைங்க.

4. எந்த வாசலுக்குப் போகணும்னு முடிவு பண்ணுங்க

இந்த ஸ்டெப்ப பேப்பர் சேத்த பிறகு வச்சதுக்குக் காரணம் இருக்கு. என்ன நடந்துச்சுன்னு பேப்பர்ல தெரிஞ்ச பிறகுதான் எங்க போகணும்னு தெரியும். தப்பான வாசல்ல ஒரு வருஷம் நின்னா சரியான வாசல் பூட்டியிருக்கும்.

வண்டி சம்பந்தப்பட்டதுன்னா மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், அங்க போடுற மனுவுக்குப் பேர் எம்சிஓபி. நம்மவங்களுக்கு முக்கியமான விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம் 166(2) படி விபத்து நடந்த இடத்துல மட்டும் இல்ல, நீங்க குடியிருக்குற இடத்துலயும் போடலாம். நெய்யாற்றின்கரையில வேன் கவுந்தாலும் நாகர்கோவில்லயோ பத்மநாபபுரத்துலயோ குழித்துறையிலயோ உங்க எல்லைக்கு எது வருமோ அங்க போடலாம். இது தெரியாம கேரளாவுல கேஸ் போட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறுற குடும்பம் எவ்வளவோ. ஒரே வேன்ல வந்தவங்க ஒரே தீர்ப்பாயத்துல போட்டா நல்லது, சாட்சி சேத்து நடத்தலாம்.

ரசாயனம், கேஸ், விஷப் புகைன்னா ரெண்டு வழி. ஒண்ணு 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், கலெக்டர்கிட்ட மனு. யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டாம், உடனடி நிவாரணத்துக்கு நல்லது, ஆனா அந்தப் பொருளும் அதோட அளவும் அரசு அறிவிப்புல வந்திருக்கணும், சின்ன ஐஸ் பிளான்ட் அதுல வராமப் போக வாய்ப்பு உண்டு. அந்த ஆலையில வேலை பாக்குறவங்களுக்கு இந்தச் சட்டம் இல்ல, அவங்களுக்கு தொழிலாளர் இழப்பீடு வழி தனி. இன்னொண்ணு தேசிய பசுமைத் தீர்ப்பாயம், தென் மண்டல அமர்வு சென்னையில இருக்கு. 2010 சட்டத்துல பிரிவு 15 இழப்பீட்டுக்கு, பிரிவு 17 தப்பே இல்லன்னாலும் பொறுப்புங்கறதுக்கு. 2020 மே 7-ல விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஸ்டைரீன் லீக்குல யாரும் மனு போடாமலே பசுமைத் தீர்ப்பாயம் தானா கேஸ எடுத்து 50 கோடி கட்டச் சொல்லிச்சு. தானா எடுக்க அதுக்கு அதிகாரம் உண்டான்னு பெரிய வாதம் நடந்து, 2021 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் உண்டுன்னு சொல்லிட்டு. கலெக்டர்கிட்ட வாங்கினத பசுமைத் தீர்ப்பாயத்துல மறைக்காதீங்க, சொல்லியே ஆகணும்னு சட்டத்துலயே இருக்கு.

இந்த "தப்பு இல்லன்னாலும் பொறுப்பு"ங்கறது நம்ம நாட்டுச் சரக்கு. டெல்லி ஸ்ரீராம் ஆலையில 1985 டிசம்பர்ல ஓலியம் வாயு கசிஞ்ச கேஸ்ல, ஆபத்தான தொழில் நடத்துறவன் "நான் எல்லா ஜாக்கிரதையும் எடுத்தேன்"னு தப்பிக்க முடியாது, இங்கிலாந்துக்காரன் 1868-ல ரைலண்ட்ஸ் கேஸ்ல வச்ச விதிவிலக்கு எதுவும் இங்க கிடையாதுன்னு 1986 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. வக்கீல் இந்த வாதத்த மனுவுல வச்சிருக்காரான்னு கேளுங்க.

சாப்பாடு, மருந்து, சாதனம்னா நுகர்வோர் ஆணையம், நாகர்கோவில்லயே இருக்கு. 2019 சட்டத்துல பொருள் பொறுப்புன்னே (கெட்ட பொருளால பாதிப்பு வந்தா செஞ்சவனும் வித்தவனும் பொறுப்பு) தனி அத்தியாயம் இருக்கு. ஒரு சிக்கல்: காசு குடுத்து வாங்கினவனும் அவன் சம்மதத்தோட அத பயன்படுத்தினவனும்தான் நுகர்வோர். கோவில் அன்னதானத்துலயோ கோயில் திருநாள் விருந்துலயோ ஓசியா சாப்பிட்டவங்களுக்கு இந்த வாசல் திறக்குறது கஷ்டம், அப்ப சிவில் கோர்ட்டுதான். ஹோட்டல்ல பில் போட்டு சாப்பிட்டவங்க பில்ல வச்சிருங்க.

கடல்ல கப்பல் இடிச்சாலோ கப்பல்ல இருந்து சரக்கு விழுந்ததால நஷ்டம் வந்தாலோ 2017 அட்மிரால்டி சட்டப்படி (கப்பல் கேஸுக்கு உள்ள சட்டம்) ஹை கோர்ட். 2025 மே 25-ல கொச்சிக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3 முங்கி, பிளாஸ்டிக் மணி நம்ம கரையிலயும் வந்து ஒதுங்கிச்சே, அதுல கேரள அரசு 9,531 கோடி கேட்டு கேரளா ஹை கோர்ட்ல கேஸ் போட்டு அதே கம்பெனியோட இன்னொரு கப்பல பிடிச்சு வைக்க ஆர்டர் வாங்கிச்சு. கப்பல் கேஸ்ல நேரம்தான் எல்லாம், கப்பல் துறைமுகத்த விட்டுப் போயிட்டுன்னா பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. கப்பல்காரன் தன் பொறுப்புக்கு ஒரு உச்ச வரம்பு கேப்பான், அப்படி ஒரு நிதி வச்சா கோர்ட் சொல்ற தேதிக்குள்ள நம்ம கோரிக்கை உள்ள போயிருக்கணும்.

5. கெடு தேதிய சுவத்துல எழுதி ஒட்டுங்க

வாசல் தெரிஞ்சதும் அடுத்த வேலை இது. மோட்டார் விபத்துக்கு 2022 ஏப்ரல் 1-ல இருந்து 6 மாசம். முன்னால கெடுவே இல்லாம இருந்துச்சு, அந்தப் பழக்கத்துல "மெதுவா போடலாம்"னு சொல்ற ஆள் இன்னும் ஊர்ல இருக்காங்க. இந்த 6 மாசம் செல்லுமான்னு சுப்ரீம் கோர்ட்ல கேஸ் நடக்கு, 2025 நவம்பர்ல, முடிவு வாற வரைக்கும் லேட்டுன்னு சொல்லி மனுவ தள்ளக்கூடாதுன்னு இடைக்கால உத்தரவும் குடுத்துருக்காங்க. அத நம்பி உக்காராதீங்க, இடைக்காலம்னா இடைக்காலம்தான்.

நுகர்வோர் ஆணையம் 2 வருஷம். பசுமைத் தீர்ப்பாயமும் கலெக்டர் மனுவும் 5 வருஷம். சிவில் கோர்ட்ல காயத்துக்கு பொதுவா 3 வருஷம்னு எடுத்துக்கலாம், ஆனா உயிர் போன கேஸ்ல 2 வருஷம்தான். சிவில்ல தமிழ்நாட்டுல கேக்குற தொகையில 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ், கட்ட முடியாதவங்க அதச் சொல்லி தனி மனு போடலாம்.

போலீஸ் கேஸ் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. கிரிமினல் கேஸ் வேற, நஷ்டஈடு வேற, அதுல டிரைவர் விடுதலை ஆனாலும் இதுல ஜெயிக்கலாம், ஏன்னா இங்க சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியது இல்ல.

6. வக்கீல் பிடிக்கிறது

ஆஸ்பத்திரி வாசல்லயே கார்டு குடுக்குற ஆள் வருவாங்க. "முதல்ல ஒரு பைசா வேண்டாம், வாறதுல இவ்வளவு சதவீதம்"னு சொல்லுவாங்க. வக்கீல் ஜெயிக்கிற தொகையில பங்கு பேசுறத பார் கவுன்சில் விதி தடுக்கு. வக்கீல் இல்லாத மூணாவது ஆள் கேஸ் செலவுக்குப் பணம் போடுறதுக்குத் தடை இல்லன்னு 2018-ல ஏ.கே. பாலாஜி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அது வேற விஷயம், அத இங்க பெருசா யாரும் செய்யல. ஃபீஸ எழுத்துல கேளுங்க, வெத்துப் பேப்பர்லயும் வெத்து செக்குலயும் கையெழுத்துப் போடாதீங்க, வக்காலத்துல (வக்கீல நியமிக்குற பேப்பர்) மட்டும் போடுங்க.

ரொம்பப் பேருக்குத் தெரியாதது: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12-ல பெருவிபத்து, தொழிற்சாலை விபத்துல பாதிச்சவங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு பாக்காம குடுக்கணும். பெண்கள், குழந்தைங்க, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்கு போனும் பண்ணலாம்.

எல்லாரும் ஒரே வக்கீல்கிட்ட போகணுமா? தப்பு யாருதுங்கறதுல எல்லாருக்கும் ஒரே பக்கம்னா போகலாம், செலவும் குறையும். ஆனா வேன் ஓனரும் வேன்லயே வந்து அடிபட்டிருந்தா அவருக்கும் பயணிகளுக்கும் ஒரே வக்கீல் வேண்டவே வேண்டாம். சொந்தக்காரர்தானேன்னு முகத்துக்குப் பாத்து விட்டுக் குடுத்தா வாதம் பாதியில நின்னுரும்.

7. எதிர்த் தரப்புல யாரையும் விடாதீங்க

மனுவுல டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி மூணும் வேணும். ரெண்டு வண்டி மோதினா ரெண்டோட ஓனரும் இன்சூரன்ஸும். ரெண்டு டிரைவர் மேலயும் தப்புன்னா அடிபட்ட பயணி யார்கிட்ட இருந்து வேணும்னாலும் முழுத் தொகையும் வாங்கலாம்னு 2015-ல கென்யேய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, பங்கு பிரிக்கிறது அவங்க பாடு.

இன்சூரன்ஸ் பாலிசி காபிய கண்டிப்பா பாருங்க. ரெண்டு இடத்துல கூட்டமா மாட்டுதாங்க.

ஒண்ணு, டெம்போவுலயும் மினி லாரியிலயும் ஏறிப் போறது. குருசடித் திருவிழா, துக்க வீடு, கொடைன்னா நம்ம ஊர்ல டெம்போ பின்னால ஏறாதவங்க யாரு. சரக்கு வண்டியில சும்மா ஏறின ஆளுக்கு இன்சூரன்ஸ் பொறுப்பு இல்லன்னு 2002 டிசம்பர்ல ஆஷா ராணி கேஸ்ல தீர்ப்பு இருக்கு. அப்ப ஓனர்தான் கதி, எதிர்ல வந்து மோதின வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தா அதுதான் காப்பாத்தும். வக்கீல்கிட்ட உண்மையச் சொல்லுங்க, "நான் ரோட்டுல நடந்து போனேன்"னு கதை கட்டினா ஏஆர் காபியிலயே மாட்டிக்குவீங்க, ஒருத்தர் பொய் சொன்னது தெரிஞ்சா கூட வந்த அத்தன பேர் கேஸுக்கும் கெட்ட பேர்.

இன்னொண்ணு சீட்டுக்கு மேல ஆள். 2007-ல அஞ்சனா ஷியாம் கேஸ்: 42 பேர் போக வேண்டிய பஸ்ல 90 பேர். சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி 42 பேருக்குத்தான் பொறுப்பு, ஆனா தீர்ப்பான தொகையில பெருசா உள்ள 42-அ கூட்டி மொத்தமா கட்டணும், அந்தப் பணத்த எல்லாருக்கும் விகிதப்படி பிரிக்கணும், மிச்சத்த ஓனர்கிட்ட வாங்கிக்கணும். அதாவது பானை ஒண்ணு, அகப்பை தொண்ணூறு. ஒரே வேன்ல வந்தவங்க எல்லாரும் ஒரே சமயத்துல, ஒரே தீர்ப்பாயத்துல போடணும்னு நான் அடிச்சுச் சொல்லுறதுக்கு இதுதான் காரணம். தனித்தனியா போட்டா முதல்ல வந்தவங்க எடுத்துட்டுப் போனது போக பின்னால வாறவங்களுக்கு இழுபறி.

உலகம் பூரா கூட்டுக் காய வழக்குல இப்ப நடக்குற சண்டையும் கிட்டத்தட்ட இதான், பணம் ஒரு அளவு, கேக்குற ஆள் அளவில்லாம. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி, டால்கம் பவுடரால புற்றுநோய் வந்துச்சுன்னு போட்ட கேஸ்கள மொத்தமா திவால் கோர்ட் வழியா முடிக்கப் பாத்துச்சு, மூணாவது முயற்சியும் 2025 மார்ச்ல அமெரிக்க நீதிபதி தள்ளிட்டார். இன்னும் நோய் வராதவங்க உரிமைய சமரசத் திட்டத்துக்கு இன்னைக்கு ஓட்டுப் போடுறவங்க வித்துரலாமாங்கறது அங்க உள்ள கேள்வி. நம்ம வேன் கேஸ்ல அது ஆபரேஷன் பாக்கி இருக்குறவங்க கேள்வியா வரும், 9-ல சொல்லுதேன்.

8. ஆள் ஃபைல்: காசு நிக்குறது இங்கதான்

பொது ஃபைல் நல்லா இருந்தா கேஸ் ஜெயிக்கும், எவ்வளவு கிடைக்கும்னு முடிவு பண்ணுறது ஆள் ஃபைல்தான். இதுலதான் எல்லாரும் சோம்பேறித்தனம் காட்டுதாங்க.

மெடிக்கல் போர்டு "40 சதவீதம் ஊனம்"னு எழுதினா, நஷ்டஈடும் 40 சதவீதம்தான்னு நினைக்காங்க. அப்படி இல்ல. 2010-ல ராஜ்குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, உடம்பு எவ்வளவு போச்சுன்னு பாக்காத, அந்த ஆள் பாத்த வேலைய இனிமே பாக்க முடியுமான்னு பாரு. முட்டி மடங்காத கணக்குப்பிள்ள நாளைக்கும் கணக்கு எழுதலாம், முட்டி மடங்காத கட்டுமரக்காரர் என்ன செய்வார்? விடியக்காலம் மரம் மரமா குனிஞ்சு நிமிர்ந்து ரப்பர் பால் வெட்டுறவங்க, நாள் முழுக்க குத்துக்கால் வச்சு முந்திரி ஆலையில இருக்குற அக்காமாருக்கும் இதே கணக்குதான்.

நம்பர்ல பாருங்க. 35 வயசு மீனவர், மாசம் 15,000-னு கோர்ட் ஒத்துக்கிட்டதா வைங்க. வருஷத்துக்கு 1,80,000. சொந்தத் தொழில், 40 வயசுக்குக் கீழ, அதனால 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்டினா 2,52,000. 2009 சர்லா வர்மா அட்டவணையில 31-ல இருந்து 35 வயசுக்கு 16-ஆல பெருக்கணும். 40,32,000 வருது. கோர்ட் 40 சதவீதம்னு எடுத்தா 16,12,800, தொழிலே போச்சுன்னு 100 சதவீதம் எடுத்தா முழு 40,32,000. ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனை எல்லாம் இதுக்கு மேல. 24 லட்சத்துக்கு மேல வித்தியாசம், அது நிக்குறது என்ன வேலை பாத்தார்ங்கற பேப்பர்ல.

அதுக்கு என்ன பேப்பர்? மீனவர்னா நலவாரிய அட்டை, மீனவர் அடையாள அட்டை, ஏலக்காரர் குடுத்த சீட்டு, கூட தொழிலுக்குப் போறவர் சாட்சி. ரப்பர்னா தோட்டக்காரர் கடிதம், ஷீட் வித்த கடைச் சீட்டு. முந்திரி ஆலைன்னா பிஎஃப், இஎஸ்ஐ. கொத்தனார், கையாள்னா வேலை குடுத்த காண்ட்ராக்டர கோர்ட்டுக்கு வர வைக்கணும், வெறும் லெட்டர எதிர் வக்கீல் ரெண்டு கேள்வியில கிழிச்சிருவார். வீட்ல இருக்குற பெண்களுக்கு வருமானம் இல்லன்னு எழுதி விட்டுறாதீங்க, வீட்டு வேலைக்கும் மதிப்பு போட்டுத்தான் ஆகணும்னு 2021 ஜனவரியில கீர்த்தி கேஸ்ல சொல்லியாச்சு.

கூட இருந்து பாத்தவங்க வேலைக்குப் போகாத நாள், திருவனந்தபுரத்துக்கு ஆட்டோ கார் வாடகை, ஃபிசியோதெரபி, இதெல்லாம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. பில் இல்லாத செலவுக்கு நோட்டாவது இருக்கணும்.

கேஸ் லீக் மாதிரி மூச்சு, கண்ணு, தோல் சம்பந்தப்பட்டதுல இன்னும் கவனம். எலும்பு முறிவு எக்ஸ்ரேயில தெரியும், நுரையீரல் பாதிப்பு "உனக்கு முன்னாலயே ஆஸ்துமா"ன்னு போயிரும். அதனால சம்பவத்தன்னைக்கும் ஒரு மாசம் கழிச்சும் ஆறு மாசம் கழிச்சும் ஒரே டெஸ்ட்ட திரும்ப எடுத்து வைக்கணும். போபால்ல 1984-ல விஷவாயு கசிஞ்சு பாதிச்சவங்கள்ல பெரும்பாலானவங்கள தற்காலிகக் காயம்னு வகைப்படுத்தி சின்னத் தொகையில முடிச்சிட்டாங்க. காயம் இல்லாம இல்ல, தொடர்ச்சியா ரெக்கார்ட் இல்ல.

9. சமரசம் பேசும்போது

கேஸ் ஒரு வழியா நகரும்போது லோக் அதாலத்துல (கோர்ட் தரப்புல நடத்துற சமரச அமர்வு) முடிச்சிரலாம்னு இன்சூரன்ஸ் தரப்பு வரும். சின்னக் காயத்துக்கு நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், சீக்கிரம் கைக்கு வரும். ஆனா லோக் அதாலத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. காலுல கம்பி இருக்கு, அத எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி, இல்ல குழந்தைக்கு அடிபட்டு வளர வளரத்தான் தெரியும்னா, டாக்டர்கிட்ட எதிர்காலச் செலவு எவ்வளவுன்னு எழுதி வாங்காம கையெழுத்து போடாதீங்க.

போபால் கணக்கு இதுக்கும் பாடம். 1989-ல 47 கோடி டாலருக்கு முடிச்சப்போ பாதிச்சவங்க ஒரு லட்சத்துச் சொச்சம்னு நினைச்சாங்க, கடைசியில 5 லட்சத்தத் தாண்டிச்சு. கூடுதல் பணம் கேட்டு மத்திய அரசு போட்ட கியூரேட்டிவ் மனுவ (சீராய்வும் முடிஞ்ச பிறகு போடுற கடைசி மனு) 2023 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணிட்டு. நாட்டோட அரசாங்கமே கேட்டும் முடிஞ்ச சமரசம் திறக்கல, நம்ம வேன் கேஸ் திறக்குமா.

ஊர்ப் பெரியவங்க "மொத்தமா ஒரு தொகை வாங்கி எல்லாருக்கும் சமமா பிரிச்சிருவோம்"னு சொல்லுவாங்க. நல்ல மனசுதான், ஆனா கால் போனவருக்கும் கையில சிராய்ப்பு உள்ளவருக்கும் சமமா பிரிச்சா அது கால் போனவர் வீட்டுக் காச எடுத்து ஊருக்குப் பந்தி வைக்கிறது. சமரசம் பேசினாலும் ஆளுக்கு ஒரு தொகையா, ஆள் பேர்ல பேசுங்க.

10. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்த அன்னைக்கே காபிக்கு மனு போடுங்க. தொகை குறைவுன்னா 90 நாளுக்குள்ள ஹை கோர்ட் மதுரைக் கிளையில அப்பீல். இன்சூரன்ஸும் அப்பீல் போகும், அவங்க போகலன்னு தெரியுற வரைக்கும் புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க வேண்டாம்.

பணம் டெபாசிட் ஆனதும் எடுக்குறதுக்குத் தனியா ஒரு மனு வேணும், அதுக்கு பாஸ்புக், ஆதார், பான் மூணுலயும் பேர் ஒண்ணா இருக்கணும். உங்க சொந்த அக்கவுண்ட்டுக்கே நேரா வரணும்னு கேளுங்க, வக்கீல் ஆபீஸ் வழியாவோ கமிட்டி அக்கவுண்ட் வழியாவோ வேண்டாம். மைனர் பங்கு எஃப்டியில போடுவாங்க, படிப்புக்கோ வைத்தியத்துக்கோ வேணும்னா காரணத்தோட மனு போட்டு இடையில எடுக்கலாம். அந்த எஃப்டி ரசீது எந்த பேங்க், எந்தக் கிளைன்னு ஆள் ஃபைல்ல எழுதி வைங்க, பிள்ளைக்கு 18 ஆகும்போது அந்தக் கிளையே வேற பேங்க்கோட சேந்திருக்கலாம்.